காற்று உருட்டின பந்து: பதினேழாவது குழி எங்களுக்கா, மச்சானுக்கா?

வாரக்கடைசி (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 9.40

நியாயம் கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை நாங்கள் நான்கு பேர் பொரளை ரிட்ஜ்வே மைதானத்தில் கோல்ஃப் ஆடினோம். நானும் என் பள்ளித் தோழனும் ஒரு பக்கம். ஸ்காபரோவிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் மச்சானும் (தங்கச்சியின் கணவர்), எங்களை விருந்தினராகக் கூட்டிக்கொண்டு போன அண்ணனும் மறுபக்கம். மேட்ச் பிளே, அதாவது யார் எத்தனை குழி வென்றார் என்பதுதான் கணக்கு. ஒரு பக்கத்து இரண்டு பேரில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருடைய கணக்குத்தான் அந்தக் குழிக்கு. பந்தயம், இரவு வெள்ளவத்தையில் நண்டுக் கறியோடு சாப்பாடு. வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து பதினொரு தலை.

காற்றைப் பற்றி என்ன சொல்ல. முதலாவது டீயில் (குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) மட்டைப் பை தூக்கும் கேடி ஒரு பிடி புல்லைப் பிடுங்கி மேலே விட்டான். அது கீழே விழவில்லை, நேராக என் சட்டையில் வந்து ஒட்டியது. "ஹுளங் சரய், சேர்" (காற்று பலம், சேர்) என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். 130 மீட்டருக்கு நான் 8 அயன் மட்டை எடுப்பவன். இன்று அதைவிடத் தூரம் போகும் 5 அயன் அடித்தும் பந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரை) முன்னாலேயே குந்திவிட்டது. அண்ணனின் தொப்பி இரண்டு தரம் பறந்தது.

பதினாறு குழி முடிய சரிசமம். பதினேழில் எங்கள் பக்கம் ஐந்து அடியில் முடித்துவிட்டது. மச்சான் மூன்று அடியில் கிரீனில். பந்து குழிக்கு மேல்பக்கம், ஒன்றரை மீட்டர் இருக்கும். போட்டால் குழி அவர்களுக்கு, விட்டால் சமம். மச்சான் பந்து கிடந்த இடத்துக்கு அடையாளமாகக் காசு வைத்து, பந்தை எடுத்துத் துடைத்து, திரும்ப வைத்து, காசை எடுத்தார். பின்னால் போய்க் குந்திச் சரிவு பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு காற்று வந்தது பாருங்கள், பந்து தானாக அசைந்து, மெல்ல உருண்டு, குழிக்கு அரை அடி பக்கத்தில் போய் நின்றது. நால்வரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அந்த நிமிடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "சரி, எடும் மச்சான்" என்று சொல்லி, மிச்ச அடியைப் போட்டதாகவே விட்டுக்கொடுத்துவிட்டேன். அவர் பந்தை எடுத்தார், குழி அவர்களுக்குப் போனது. பதினெட்டு சமம். தோற்றோம்.

பிறகு பிளேன்டீ குடிக்கும்போது தோழன் சொல்கிறான், பந்தைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்திருக்க வேண்டுமாம். அப்படியென்றால் நான் விட்டுக்கொடுத்தது ஒன்றரை மீட்டர் பட் (கிரீனில் குழிக்கு உருட்டும் அடி). பில் 11 பேருக்கு. சொல்லுங்கள், யார் வென்றது?

மூன்றுபட்டு
சனி, இரவு 9.52

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 46 கிராம் பந்து எம்மாத்திரம்? பில்லைக் கட்டிவிட்டுப் படும்.

விதிப்புத்தகம்
சனி, இரவு 10.15

உங்கள் தோழன் சொன்னது சரி. 2019 இலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி 13.1 இதுதான்: கிரீனில் ஒருதரம் தூக்கித் திரும்ப வைத்த பந்தைக் காற்று நகர்த்தினால் மறுபடி பழைய இடத்தில் வைக்க வேண்டும். தூக்காத பந்தைக் காற்று நகர்த்தினால் போய் நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். இரண்டிலும் தண்டனை அடி இல்லை.

ஆனால் உங்களுக்கு அது இனி உதவாது. மேட்ச் பிளேயில் விட்டுக்கொடுத்தால் கொடுத்ததுதான். விதி 3.2 மிகத் தெளிவு. கொடுத்தவர் திரும்ப வாங்க முடியாது, வாங்கியவர் வேண்டாமென்றும் சொல்ல முடியாது.

வாரக்கடைசி
சனி, இரவு 10.21

விதி தெரியாமல்தானே கொடுத்தேன். கள்ளக் காசை மாற்றிக் கொடுத்தால் திரும்பக் கேட்க முடியாதா?

விதிப்புத்தகம்
சனி, இரவு 10.34

மச்சான் உங்களிடம் பொய் சொல்லி வாங்கவில்லையே. இரண்டு பக்கமும் தெரியாமல், நல்ல மனதோடு, இப்படித்தான் என்று முடிவெடுத்து அடுத்த டீக்குப் போய்விட்டால் அந்த முடிவு பிழையானாலும் நிற்கும். நால்வருக்கும் விதி தெரிந்திருந்து, சரி கண்டுகொள்ளாமல் விடுவோம் என்று பேசிக்கொண்டிருந்தால்தான் வில்லங்கம். அது தகுதி நீக்கம் வரை போகும். உங்கள் அறியாமை உங்களைக் காப்பாற்றியது, நண்டைக் காப்பாற்றவில்லை.

கணக்குவாத்தி
சனி, இரவு 11.02

எனக்கு முதலில் இந்தக் கதையே நம்பக் கஷ்டமாக இருக்கிறது. கொழும்பில் கிரீனில் இருப்பது தடித்த புல். பந்து அதில் உட்கார்ந்தால் எழும்பாது. ஸ்கொட்லாந்தின் செய்ன்ட் ஆண்ட்ரூஸில் நடப்பது வேறு. அங்கே 2015 பிரித்தானிய ஓப்பன் போட்டியில் சனிக்கிழமை காற்றுக்குக் கிரீனில் பந்து நிற்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தி, கடைசியில் போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. அது கடலை ஒட்டின வெட்டவெளி. பொரளையில் சுற்றிவர மரம்.

உங்கள் 5 அயன் கதையை மட்டும் நம்புகிறேன், அதில் கணக்கு இருக்கிறது. சுமாரான ஆட்டக்காரன் டிரைவரால் (ஆகத் தூரம் அடிக்கும் மட்டை) அடிக்கும் பந்து மணிக்கு 216 கிலோமீட்டரில் கிளம்புகிறது என்று வையுங்கள். எதிர்க்காற்று 30. பந்துக்குத் தெரிவது 246. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆக பந்தைப் பின்னால் இழுப்பதும் மேலே தூக்குவதும் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது. பந்து பின்சுழற்சியோடு போவதால் அந்தத் தூக்கல் அதைப் பட்டம் போல ஏற்றி, நடு வானத்தில் நிறுத்தி, செங்குத்தாகப் போட்டுவிடும். இதில் ஆட்கள் செய்யும் பிழை, காற்றுக்கு எதிராக இன்னும் பலமாக அடிப்பது. பலமாக அடித்தால் சுழற்சியும் கூடும், பந்து இன்னும் ஏறும். இரண்டு மட்டை கூட எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அரை வேகத்தில் வீசுங்கள். பின்காற்று அதே அளவுக்கு உதவும் என்றும் நினைக்க வேண்டாம். தள்ளிவிடும், ஆனால் தூக்கல் குறைவதால் பந்து கெதியாக விழுந்துவிடும்.

வாரக்கடைசி
சனி, இரவு 11.10

வாத்தியார், கிரீன் காலையில் வெட்டினது. ஒரு வாரம் மழை இல்லை. பந்து இருந்தது சரிவில். என் இரண்டு கண்ணாலும் கண்டேன். புல் தடிப்பு என்று என் பில்லைக் கூட்டாதீர்கள்.

சோளகக்காத்து
ஞாயிறு, காலை 6.20

இரவு படுக்கப் போகுமுன் வாசித்தேன், காலையில் எழும்பி எழுதுகிறேன். எனக்கு வயது எழுபதுக்கு மேல். கொஞ்சம் பழங்கதை வரும்.

ரிட்ஜ்வே லிங்க்ஸ் என்று பெயர் இருந்தாலும் அது லிங்க்ஸ் இல்லை. லிங்க்ஸ் என்றால் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் மேட்டு நிலம். பயிர் வராது, ஆடு மேயும். மரமில்லாததால் காற்றுக்குத் தடையில்லை. கொழும்பில் அதற்குக் கிட்ட வந்த இடம் ஒன்றுதான், காலிமுகத்திடல். 1879 இல் கொழும்பு கோல்ஃப் கிளப் தொடங்கியது அங்கேதான். குதிரையும் நடைக்காரரும் பிள்ளைகளும் திரிகிற இடத்தில் எத்தனை நாள் பந்து அடிக்கலாம்? 1896 இல் பொரளைக்குப் போனார்கள். அப்போதைய ஆளுநர் ரிட்ஜ்வேயின் பெயரை வைத்தார்கள். 'ரோயல்' பட்டம் வந்தது 1928 இல். களனிவெளி ரயில் பாதை இன்றைக்கும் மைதானத்துக்குள்ளால்தான் போகிறது. இன்று காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுகொண்டு பட்டம் விடும் ஒருவருக்கும் தெரியாது, தான் நிற்பது ஒரு பழைய ஃபேர்வே, டீக்கும் கிரீனுக்கும் நடுவிலான புல்வெளி என்று. பட்டம் ஏறுகிற இடத்தில் பந்தும் ஏறும், வாத்தியார் சொன்ன அதே காரணம்தான்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு காற்றுக்கும் தனிப் பெயர். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். கோல்ஃப்காரர் எல்லாவற்றையும் எதிர், பின், குறுக்கு என்று மூன்றில் அடக்கிவிடுகிறார்கள். சோளகம் விட்டுவிட்டு அடிக்கும். ஒருதரம் அடித்தால் கொஞ்சம் பொறுத்து மற்றது வரும். அதற்கு நடுவில் பட் பண்ணுகிறவன் தான் கெட்டிக்காரன். உங்கள் மச்சான் குந்திச் சரிவு பார்த்த நேரம் காற்று பார்த்திருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

இன்னொன்று. என் தகப்பனார் வைத்திருந்த பந்துகள் இப்போதையதைவிடச் சின்னன். பிரித்தானியப் பந்து 41.15 மில்லிமீட்டர், அமெரிக்கப் பந்து 42.67. ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில் சின்னனை அடிக்க முடியாது. 1974 இலிருந்து ஓப்பனில் பெரிய பந்துதான் என்றார்கள், 1990 இல் சின்னப் பந்து விதியிலிருந்தே போய்விட்டது. வீட்டில் மூன்று கிடக்கிறது. அலுமாரிக்குள் உருளுகிற சத்தம் கேட்டால் அப்பா ஞாபகம்.

விட்டுக்கொடுத்ததைப் பற்றி. 1969 ரைடர் கோப்பை, அமெரிக்காவும் பிரித்தானியாவும் மோதினது, இங்கிலாந்தின் ரோயல் பர்க்டேலில். அதுவும் கடலோர லிங்க்ஸ். கடைசி ஆட்டம், கடைசிக் குழி. பிரித்தானியாவின் ஜாக்லினுக்கு இரண்டு அடி தூரத்தில் பட் ஒன்று மிச்சம். தவறவிட்டால் அமெரிக்கா வெல்லும். எதிரில் ஆடின அமெரிக்காவின் நிக்லஸ் அதைப் போடவிடவில்லை, எடும் என்று கொடுத்துவிட்டார். 16க்கு 16, அந்தப் போட்டியில் முதல்தரம் சமநிலை. அவருடைய தலைவர் சாம் ஸ்னீடுக்கே அது பிடிக்கவில்லை. நிக்லஸ் அடுத்த நாள் வந்து திரும்பக் கேட்கவில்லை.

வாரக்கடைசி
ஞாயிறு, காலை 7.05

ஐயா, நிக்லஸ் பதினொரு பேருக்கு நண்டு வாங்கிக் கொடுக்கவில்லை.

சீனக்குடா74
ஞாயிறு, காலை 8.30

காற்று என்று கொழும்பில் இருந்துகொண்டு கதைக்கிறீர்கள். திருகோணமலைப் பக்கம் வாருங்கள். சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கச்சான் காற்று. கொழும்புக்கு மழை கொண்டுவரும் அதே காற்று மலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு எங்களுக்கு வெறும் சூடாக வரும். உதடு வெடிக்கும், ஃபேர்வே பாண் மாதிரிக் காயும், பந்து விழுந்த இடத்திலிருந்து இன்னும் முப்பது மீட்டர் ஓடும். காய்ந்த தரையில் உருட்டி விளையாடுவதுதான் லிங்க்ஸ் ஆட்டம். மேலே தூக்கிப் போடுகிறவன் அங்கே அழுதுகொண்டு திரும்புவான்.

மூன்றுபட்டு
ஞாயிறு, காலை 8.41

நான் எல்லா இடத்திலிருந்தும் அழுதுகொண்டுதான் திரும்புகிறேன். காற்று தேவையில்லை.

ஒருதரம்போனவள்
ஞாயிறு, காலை 10.12

அண்ணாமார், நான் கோல்ஃப் விளையாடுவதில்லை. கணவர் விளையாடுவார். அவருடைய ஆசைக்கு ஸ்கொட்லாந்து போனோம். செய்ன்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆட்டம் இல்லையாம், ஊர்ச் சனம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது! அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்கு நல்ல சந்தோஷம். டிக்கட் இல்லாமல் அந்தச் சின்னக் கல்லுப் பாலம் வரை நடந்து போய்ப் படம் எடுத்தேன். பதினான்காவதில் 'நரகம்' என்று ஒரு மணல் குழி. அதற்குள் இறங்கினவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். காற்றில் என் சால்வை ஒருபக்கம், குடை ஒருபக்கம். இதில் எப்படிச் சிரித்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று கேட்டேன். காற்று இல்லாவிட்டால் இந்த மைதானத்தில் ஒன்றுமே இல்லை, சப்பையாகிவிடும் என்றார் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர்.

2010 இல் அங்கே ரோரி மெக்கில்ராய் வியாழக்கிழமை 63 அடியில் முடித்தாராம், வெள்ளிக்கிழமை காற்றில் 80 அடி போனதாம். கணவர் இதை வருடத்தில் நான்கு தரமாவது சொல்வார், தன்னுடைய ஸ்கோருக்குப் பக்கத்தில் வைத்து.

விதிப்புத்தகம்
ஞாயிறு, காலை 10.50

காற்று நாளில் நண்பர்களுக்குள் ஆடுவதற்கு என் ஆலோசனை ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற புள்ளி முறை. இங்கிலாந்தில் வாலஸி என்ற கடலோர மைதானம். ஸ்டேபிள்ஃபோர்ட் அங்கே உறுப்பினர், தொழிலால் வைத்தியர். எதிர்க்காற்றில் ஆரம்பக் குழிகளிலேயே ஸ்கோர் கெட்டு, ஆட்கள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதற்காகத்தான் 1932 இல் அங்கே புள்ளி முறையைக் கொண்டுவந்தார். ஒரு குழியில் பத்து அடித்தாலும் சுழியம் புள்ளி, அவ்வளவுதான். அடுத்த குழிக்குப் போகலாம். காற்றுக்குப் பயந்து பிறந்த கணக்கு.

கணக்குவாத்தி
ஞாயிறு, காலை 11.05

அதில் நண்டுப் பந்தயம் சுவைக்காது. எதிரில் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுப்பதும் விட்டுக்கொடுக்காததும்தான் மேட்ச் பிளே. பதினான்கு குழி வரை அரை மீட்டர் பட் எல்லாம் கொடுத்துப் பழக்கிவிட்டு, பதினைந்தில் "போடும் பார்ப்போம்" என்று சும்மா நிற்க வேண்டும். கை நடுங்குவதைப் பார்க்கக் கோடி கொடுக்கலாம்.

ஸ்காபரோமச்சான்
ஞாயிறு, பகல் 1.18

வணக்கம். இந்த இழையை என் மனைவிக்கு அனுப்பிய புண்ணியவான் யார்? காலையிலிருந்து வீட்டில் "அண்ணாவை ஏமாத்தி நண்டு தின்னப் போறீங்களா" என்று ஒரே பாட்டு. இங்கே பதிவு செய்ய அரை மணித்தியாலம் போனது.

மச்சான், நீர் எழுதினதில் ஒரு பிழை. நான் பந்தைத் தூக்கவே இல்லை. காசு வைத்தது உண்மை, ஐந்து ரூபாய்க் காசு. துடைக்கலாம் என்று கேடியைப் பார்த்தால் அவன் பங்கரில் மணல் வாரிக்கொண்டு நிற்கிறான், துவாய் அவன் தோளில். அந்த நேரம் ரயில் கூவியது, நீர் அந்தப் பக்கம் திரும்பினீர். துவாய் இல்லாமல் எதற்குத் தூக்குவது என்று நான் காசை மட்டும் எடுத்துப் பொக்கெட்டில் போட்டேன். நீர் திரும்பிப் பார்த்தபோது கண்டது நான் காசு எடுத்ததை. மிச்சத்தை உம்முடைய மூளை நிரப்பிவிட்டது.

விதிப்புத்தகம்
ஞாயிறு, பகல் 1.31

இது எல்லாவற்றையும் மாற்றுகிறது! தூக்காத பந்து. காற்று கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். அரை அடிப் பட் நியாயமாகவே அவருடையது. நேற்று இரவு நான் எழுதின முதல் பந்தியில், தோழன் சொன்னது சரி என்றதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டாவது பந்தி அப்படியே நிற்கிறது.

சோளகக்காத்து
ஞாயிறு, பகல் 1.40

காசு வைத்துவிட்டுத் தூக்காமல் விட்ட ஒருவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கனடாப் பழக்கமா?

ஸ்காபரோமச்சான்
ஞாயிறு, பகல் 1.44

இல்லை ஐயா, சோம்பல். அது ஊர்ப் பழக்கம்.

வாரக்கடைசி
ஞாயிறு, பிற்பகல் 3.25

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அவர் கேடியிடம் கேட்டார். கேடிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பந்து தன்னிடம் வரவில்லை, துவாயும் யாரும் கேட்கவில்லை என்கிறான். எனக்கு ரயில் சத்தம் ஞாபகம் இருக்கிறது. மச்சான் பந்து துடைத்ததும் ஞாபகம் இருக்கிறது, அவருடைய வெள்ளைக் கையுறை, பந்தைச் சுழற்றின விரல் எல்லாம். இப்போது யோசித்தால் அது பதினொன்றாவது குழியில் நடந்தது என்று நினைக்கிறேன். இப்படி ஒரு சாட்சியை நம்பி யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாதீர்கள்.

தோழன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பில்லில் பாதி அவனுடையது.

மூன்றுபட்டு
ஞாயிறு, பிற்பகல் 3.31

நண்டு எப்போது? பன்னிரண்டாவது தலைக்கு இடம் இருக்கிறதா?

வாரக்கடைசி
ஞாயிறு, இரவு 11.15

இப்போதுதான் வந்து சேர்ந்தோம். பில் கட்டியாயிற்று. தோழன் முறைத்துக்கொண்டே மூன்று நண்டு முடித்தான். தங்கச்சி எல்லோருக்கும் முன்னால் மச்சானைக் கூண்டில் ஏற்றி முழுக் கதையையும் திரும்பச் சொல்ல வைத்தாள். மிளகுநீர் கிண்ணத்தைக் குழியாக வைத்து, தேசிக்காயைப் பந்தாக வைத்து, அவர் நடித்துக் காட்டினார். சின்னவன் ஊதினான், தேசிக்காய் அசையவில்லை. கணக்குவாத்தி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மச்சானின் பிளைட் அடுத்த ஞாயிறு. அதற்கு முன் வியாழக்கிழமை சீனக்குடா போகிறோம், கச்சான் எப்படி என்று பார்க்க. சீனக்குடா74, காலை ஆறரைக்கு டீ நேரம் எடுத்துத் தர முடியுமா? நான்கு பேர். துவாயும் நான்கு கொண்டுவருகிறோம், ஆளுக்கு ஒன்று.